செம்பு ஆறிய தூரம்

கொதிநீரிலிருந்து எடுத்த ஒரு செம்புத் துண்டு, குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்குவதற்கு முன்பே தன் சூட்டில் ஒரு பகுதியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டால், அந்த இழப்பை யார் பெயரில் எழுதுவது? செம்பின் பெயரிலா, அதைக் கடைசியாகக் கையில் வாங்கியவர் பெயரிலா, அல்லது அத்தனை தூரம் அதை நடக்க வைத்தவர் பெயரிலா? பள்ளி இறுதி வகுப்பில் இந்தக் கேள்வி என்மேல் வந்து விழுந்தது. விடை எனக்கு அப்போதே தெரியும். நம் பள்ளி வேறு விடை எழுதிக்கொண்டது.

பழைய மாணவர் மலருக்கு "இனிமையான நினைவு ஒன்று வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். நாம் எல்லோரும் எழுபதைத் தொட்டுவிட்டோம். இந்த வயதில் மகிழமரத்தையும் மதிய மணியையும் பற்றி எழுத உங்களிடம் நிறையப் பேர் இருப்பார்கள். அந்த மரத்தின் நிழல் எதுவரை யாருக்கு என்று எனக்கு நினைவிருக்கிறது; ஆகவே அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். ஒரு சோதனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அச்சிடுவதும் விடுவதும் மலர்க்குழுவின் முடிவு. அந்தக் குழுவின் தலைவர் இந்தக் குறிப்பில் வருகிறார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை.

வகுப்பில் எங்கள் தெருவிலிருந்து வந்தவர்கள் நானும் என் அண்ணனும் மட்டுமே. எங்கள் தெரு என்றால் வாய்க்காலுக்கு அப்பால், ஊரின் வயல்களில் நட்டு, களையெடுத்து, அறுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த தெரு. அண்ணன் என்னைவிட மூத்தவன். சிறுவயதில் பண்ணை மாடுகளுக்குப் பின்னால் அலைந்ததால் பள்ளிக்குத் தாமதமாக வந்தான். அதனால் இருவரும் ஒரே வகுப்பில் இருந்தோம். மகன், மகள் என்று பாராமல் எங்கள் இருவரையும் பள்ளி இறுதித் தேர்வு எழுத வைப்பது என்று அப்பா உறுதியாக இருந்தார். அதற்குமேல் அவருக்கு ஆசைகள் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அது சம்பா முற்றிவந்த பருவம். மார்கழி தொடங்கியிருந்தது. அறுப்புக் கூலி நெல்லைக் கூட்டித் தராமல் அரிவாள் எடுப்பதில்லை என்று விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் முடிவு செய்திருந்தார்கள். எங்கள் தெருவின் முனையில் புதிதாக ஒரு கொடிக்கம்பம் நின்றது. பள்ளியின் தாளாளரே ஊரின் பெரிய மிராசுதார். அப்பா வேலை செய்த நிலம் அவருடையது. ஆட்சி மாறியபோது அவருடைய தோளில் கிடந்த துண்டின் கரை மாறியது. கூட்டங்களுக்கு நாற்காலி அனுப்பினார், பந்தல் போட்டுக் கொடுத்தார், மேடையில் முன்வரிசையில் அமர்ந்து சமத்துவத்துக்குக் கைதட்டினார். களத்துமேட்டில் கூலி நெல் அளக்கும் மரக்கால் மட்டும் பழைய மரக்காலாகவே இருந்தது.

இனி ஆய்வகம். நீளமான ஓட்டுக்கூரை அறை. உள்ளே நுழைந்ததும் ஸ்பிரிட் விளக்கின் நெடியும், ஈரமரத்தின் வாடையும், மயில்துத்தப் புட்டிகளைத் துடைத்த கந்தையின் கசப்பும் சேர்ந்து வரும். தஞ்சாவூரிலிருந்து வாங்கி வந்த தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அறையின் கோடியில், ஜன்னலருகே, பெரிய மேசை. அதன்மேல் ஸ்டவ். ஸ்டவ்வுக்குப் பக்கத்தில், மணல் பரப்பிய பலகையின் மேல், தண்ணீர்ப் பானை.

அந்தப் பானையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது. நம் ஊர் ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை. பள்ளிக் கிணற்றில் உப்பு ஏறியிருந்தது. தாளாளர் வீட்டுக் கிணறு மட்டும் இனிப்பு; அதை வெட்டியவர்கள் எங்கள் தெருக்காரர்கள், வெட்டி முடித்த பிறகு அதிலிருந்து குடித்தவர்கள் வேறு தெருக்காரர்கள். அந்தத் தண்ணீர் காலையில் மாட்டுவண்டியில் பள்ளிக்கு வரும். உப்புநீரில் சோதனை செய்தால் கணக்கு பிசகும் என்று அறிவியல் ஆசிரியர் சொன்னதால் ஒரு பானை ஆய்வகத்துக்கும் வந்தது. வந்தபின் நம் வகுப்பில் மற்ற எல்லோரும் அதிலேயே குடிக்கவும் தொடங்கினார்கள். குடிக்கும் பானை ஆகிவிட்டதால், அது இருக்கும் மேசையருகே நாங்கள் இருவரும் நிற்கலாகாது என்று ஆயிற்று. யாரும் உத்தரவு போடவில்லை. ஒருநாள் நாங்கள் வந்தபோது, வாசலுக்கு வெளியே நடையில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதன்மேல் எங்களுக்கான கலோரிமானி இருந்தது, அவ்வளவுதான்.

"உள்ள எடம் பத்தல. நீங்க ரெண்டு பேரும் வெளிய காத்தோட்டமா நின்னு செய்யுங்க," என்றார் ஆசிரியர்.

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதுவதற்கு எனக்கு இன்னும் கசக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் மேடை ஏறிச் சாதி ஒழிப்பைப் பற்றி, கேட்பவர் மயிர் கூச்செறியப் பேசுவார். கிரகணத்தன்று வகுப்பில் வைத்துச் சாப்பிட்டுக் காட்டுவார். எங்களைப் பெஞ்சுக்கு அனுப்பியதன் மூலம் ஒரு வம்பிலிருந்து எங்களைக் காப்பாற்றிவிட்டதாகவே அவர் நம்பினார். மூடநம்பிக்கை என்பது கோயிலுக்குள் இருக்கும் பொருள் என்று எண்ணியவருக்கு, தன் மேசைமேல் மணலில் குந்தியிருந்த பானை கண்ணில் படவேயில்லை.

செம்பின் தன்வெப்பம் காணும் சோதனை உங்களுக்கு மறந்திருக்கலாம். ஒரு செம்புப் பாத்திரம், அதைச் சுற்றிப் பஞ்சு அடைத்த மரப்பெட்டி, இதுதான் கலோரிமானி. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி எடை காண வேண்டும், அதன் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். நூலில் கட்டிய செம்பு உருளையைக் கொதிக்கும் நீரில் தொங்கவிட்டு, அந்தச் சூடு முழுவதும் அதில் ஏறியபின் எடுத்து, ஓர் உதறு உதறி, சட்டென்று கலோரிமானிக்குள் இறக்க வேண்டும். கலக்கியால் கலக்கிக்கொண்டே வெப்பமானியைப் பார்க்க வேண்டும். செம்பு இழந்த வெப்பமும் தண்ணீரும் பாத்திரமும் பெற்ற வெப்பமும் சமம் என்று கொண்டு கணக்கிட்டால் 0.09 என்று ஏதோ வரும். புத்தகம் சொல்வதும் அதுதான்.

உங்களுடைய கலோரிமானிகள் ஸ்டவ்வை ஒட்டியே இருந்தன. உருளை நீரிலிருந்து எழுந்த மறுகணம் உங்கள் பாத்திரத்துக்குள் இருந்தது. எங்களுக்கு முறை வரும்போது ஆய்வக அட்டெண்டர் நூலைப் பிடித்துக்கொண்டு, மேசைகளுக்கு இடையில் வளைந்து, கதவருகே குவிந்திருந்த உங்கள் செருப்புகளைத் தாண்டி நடைக்கு வருவார். வயலிலிருந்து மார்கழிக் காற்று நேராக அந்த நடையில்தான் ஏறும். தண்ணீரையும் அவரே உயரத்திலிருந்து ஊற்றுவார். தராசிலும் அவரே வைத்துப் பார்த்து எடையைச் சொல்வார்.

எங்களுக்கு 0.07 வந்தது.

"என்ன இது?" என்றார் ஆசிரியர். "செம்பா, வேற எதையாவது போட்டீங்களா?"

"செம்புதாங்க சார்," என்றான் அண்ணன்.

"அப்ப கை சரியில்ல. தெர்மாமீட்டர அரிவாள் புடிக்கற மாதிரி புடிச்சா அது என்ன பண்ணும்?"

அரங்கு நிறைந்த சிரிப்பு. தாளாளரின் அக்காள் மகன் மேசையில் தட்டிக்கொண்டே, "அரிவாளத்தான் இந்த வருசம் தொட மாட்டேங்கிறாங்களே சார்! கை மறந்து போயிருக்கும்," என்றான். அது நல்ல பகடி என்று உங்களில் சிலர் நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அந்த அக்காள் மகன்தான் இன்றைய மலர்க்குழுத் தலைவர். பேச்சு வன்மை அவருக்கு அன்றே இருந்தது.

மறுவாரமும் 0.07. அதற்கடுத்ததும் அதையொட்டியே. எங்கள் தவறு ஒரே அளவுத் தவறாக இருந்தது என்பதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. கைத்தவறு என்றால் ஒருநாள் கூடியும் ஒருநாள் குறைந்தும் அல்லவா வரவேண்டும்? உங்கள் விடைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களில் பாதிப்பேர் புத்தகத்து விடையை முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு வெப்பநிலையை நிரப்பியவர்கள். அது நம் வகுப்பின் வழக்கம், ஆசிரியருக்கும் தெரியும். உண்மையாகவே அளந்து பார்த்த சிலருக்கும் 0.09 வந்தது. அளந்தும் தவறிய இருவர் நாங்கள்.

பொங்கலுக்கு முன் தலைமை ஆசிரியர் வகுப்புக்கு வந்தார். செய்முறையில் தேறாதவர்களின் பெயர் பள்ளி இறுதித் தேர்வுக்கு அனுப்பப்படாது என்றார். எங்களைப் பார்க்காமலேதான் சொன்னார். நீங்கள் எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தீர்கள்.

அந்த வாரத்தில்தான் லாரி வந்தது. காலையில் பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தோம். தாளாளரின் வயலோரம் போலீஸ் வண்டி நின்றது. லாரியிலிருந்து வெளியூர் ஆட்கள் அரிவாளோடு இறங்கினார்கள். பெண்களும் இருந்தார்கள், எங்கள் தெருப் பெண்களைப் போலவே முழங்காலுக்கு மேல் சேலையைச் செருகியிருந்தார்கள். வாய்க்கால் கரையில் எங்கள் தெரு முழுவதும் வரிசையாக நின்றது. அப்பா நடுவில் நின்றார். யாரும் கல்லெடுக்கவில்லை. வெளியூர்ப் பெண் ஒருத்தி மட்டும் நிமிர்ந்து, "எங்களுக்கும் வயிறு இருக்குல்ல, இப்புடிப் பாக்காதீங்க," என்று கத்தினாள். அப்பா எங்களைப் பார்த்து, போ போ என்று கையை அசைத்தார். முதல் பிடிக் கதிர் அறுபடும் ஓசை முதுகுக்குப் பின்னால் கேட்டது.

அன்று வகுப்பில் நாங்கள் உட்காரும் பலகையில் நெற்கதிர் ஒன்று போடப்பட்டிருந்தது. அதை அண்ணன் எடுத்து ஜன்னல் வழியே வீசினான். "ஐயோ, லட்சுமிய வீசுறான் பாருடா!" என்று ஒரு குரல். யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும்; உங்களுக்கும் தெரியும்.

அடுத்த முறை சோதனையின்போது உருளை தண்ணீருக்குள் இறங்குவதை நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அவமானப்படுகிறவர்கள் தரையைப் பார்ப்பார்கள், எனக்குத் தரைக்கும் முன்னால் அந்தப் பாத்திரம் இருந்தது. உருளை வறண்டிருந்தது. கொக்கியின் இடுக்கில்கூட ஈரமில்லை. வாசல் வழியே உள்ளே பார்த்தேன். உங்கள் மேசையில் உருளை ஒன்று நீரிலிருந்து எழுந்தது. உதறிய பிறகும் அது நனைந்து பளபளத்துக்கொண்டே பாத்திரத்துக்குள் போனது. எங்கள் உருளையைச் சுற்றி, அட்டெண்டர் நடந்து வரும் வழியெல்லாம், வெள்ளையாக மெல்லிய ஆவி சிதறியதை முன்பே பார்த்திருக்கிறேன். காலைக் குளிரில் அது அழகாகக்கூட இருந்தது. உருளையின் மேலிருந்த நீர் முழுவதும் காற்றில் ஆவியாகிப் போகிறது என்று அப்போதுதான் புரிந்தது. ஈரத்துணி போர்த்திய பானை எப்படிக் குளிர்கிறது என்பதை இதே ஆசிரியர்தான் எங்களுக்கு நடத்தியிருந்தார். நீர் ஆவியாக வேண்டுமானால் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் செம்பு கொடுத்திருந்தது. எங்களிடம் வந்து சேரும்போது அது கொதிநீரின் சூட்டில் இல்லை. நாங்களோ கொதிநீரின் சூடு என்றே கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம்.

அண்ணனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "அப்ப செம்ப ஆறவெக்கறது நம்ம கை இல்ல புள்ள. அந்த எடந்தான் ஆறவெக்குது."

ஆசிரியரிடம் போனோம்.

"வர்ற வழியிலேயே காஞ்சு போயிடுதுங்க சார். சூடு கொறஞ்சுதான் எங்ககிட்ட வருது," என்றேன்.

"இங்கேர்ந்து அங்க வர்றதுக்குள்ள என்னம்மா கொறஞ்சிடும்? நாலு எட்டு."

"ஒரு தடவ மட்டும் உள்ள மேசையில வச்சு செஞ்சு பாக்கறோங்க சார்."

அவர் முகம் மாறியது. பானைப் பக்கம் பார்த்தார். அவர் அந்தப் பானையை உண்மையாகப் பார்த்தது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். குரலைத் தணித்துக்கொண்டார். "இப்ப ஊரு இருக்கற இருப்புல இது வேணாம்மா. என் வேலையும் அவர் கையில இருக்கு. ஒண்ணு பண்ணுங்க. பாயின்ட் ஜீரோ ஒம்போதுன்னு எழுதிக்கிட்டு வாங்க. கணக்கப் பின்னாலேர்ந்து போட்டுடுங்க. நான் கையெழுத்துப் போட்டுடறேன். யாரு செய்யல?"

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். "எழுதிட்டா, தப்பு எங்க கையிலன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுங்களே சார்."

"டேய், நான் உனக்கு நல்லதுதாண்டா சொல்றேன்."

"தெரியுதுங்க சார்."

வீட்டில் அப்பாவிடம் சொன்னோம். அவர் கரையில் நின்றுவிட்டு வந்திருந்தார். கால் சேறு காய்ந்து வெடித்திருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எழுதிட்டுப் போயேண்டா," என்றார்.

"பொய்யிப்பா."

"அவனுவ அளக்கறது என்ன, நெசமா? மொதல்ல உள்ள போ. படிச்சு முடி. அப்பறம் பேசு, அன்னிக்கு ஒன் பேச்சுக்கு வெல இருக்கும்."

"நீங்க மட்டும் ஏம்ப்பா கரையில போயி நிக்கிறீங்க? குடுக்கறத வாங்கிக்கிட்டு அறுத்துட்டு வரவேண்டியதுதானே?"

அப்பா எழுந்து குடத்திலிருந்து தண்ணீர் சரித்துக் காலைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். அவர் கோபத்தில் பேசாமல் போனார் என்று அன்று நினைத்தேன். மகனுக்கு வேறு நியாயம், தனக்கு வேறு நியாயம் வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் எவ்வளவு காலம் நிற்க முடியும் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்தபின் விளங்கியது.

பொங்கல் விடுமுறை முடிந்து கடைசி வாய்ப்பு வந்தது. எங்கள் இருவருக்கும் ஒரே சோதனை. ஆசிரியர் முன்னிலையில் செய்ய வேண்டும். தேறினால் பெயர் போகும். அட்டெண்டர் வழக்கம்போல எங்கள் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, எடை பார்த்துச் சொல்லி, பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போனார். ஸ்டவ்வில் நீர் கொதித்துக்கொண்டிருந்தது. உருளை உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் கலோரிமானியைப் பெட்டியோடு இரு கைகளாலும் தூக்கினான். என்னைப் பார்த்து, "தெர்மாமீட்டர எடுத்துக்க," என்றான். வாசலைத் தாண்டினான்.

அவன் வேகமாக நடக்கவில்லை. தண்ணீர் தளும்பினால் எடை பிசகும். நேராகப் பெரிய மேசைக்குப் போய், ஸ்டவ்வுக்கும் பானைக்கும் இடையில் பெட்டியை வைத்தான். நான் அவன் பின்னாலேயே நின்றேன். அறையின் அந்தக் கோடியை அவ்வளவு நெருக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஜன்னல் கம்பியில் துரு, சுவரில் மைத்தெறிப்பு. வேறு ஒன்றும் இல்லை. இதைத்தான் எங்களிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், டேய், பானை!" என்று கத்தினான் அக்காள் மகன்.

"நான் பானையத் தொடலியே," என்றான் அண்ணன். வெப்பமானியைத் தண்ணீரில் வைத்து அளவைப் படிக்கச் சொன்னான். படித்தேன். என் குரல் நடுங்கியது, எண் நடுங்கவில்லை.

அட்டெண்டர் ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் சுவரைப் பார்த்தார். அண்ணன் தானே நூலைப் பிடித்து உருளையை எடுத்தான், உங்களைப் போலவே ஓர் உதறு உதறினான், பாத்திரத்துக்குள் இறக்கினான். இன்னும் ஈரமாக இருந்தது உருளை. கலக்கி ஏறி இறங்கியது. பாதரசம் எங்கள் பெஞ்சில் ஒருநாளும் ஏறாத கோட்டைத் தாண்டி ஏறியது, நின்றது. நான் படித்துச் சொன்னேன்.

அக்காள் மகன் அதற்குள் பானையை இரு கைகளாலும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். நடையிலிருந்து முற்றத்தில் தண்ணீரைக் கவிழ்த்தான். முழுப் பானை. கடைமடைக் கிராமத்தில், உப்புக் கிணறு உள்ள பள்ளியில், அன்று முழுவதும் நீங்கள் தாகத்தோடு உட்கார்ந்திருந்தீர்கள். அதற்கும் எங்களையே திட்டினீர்கள்.

கணக்கை நான் அங்கேயே நின்று போட்டேன். 0.091. ஆசிரியர் தாளை வாங்கிப் பார்த்தார். பெருக்கலைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் தாளைக் கையெழுத்திடாமலே திருப்பித் தந்தார்.

தலைமை ஆசிரியர் அறைக்கு அழைத்தார்கள். தாளாளர் அங்கே உட்கார்ந்திருந்தார். கத்தவில்லை. வெற்றிலை போட்ட வாயை நிதானமாக ஒதுக்கிக்கொண்டு பேசினார்.

"கணக்கு சரியா வந்துடுச்சாமே?"

"ஆமாங்க," என்றான் அண்ணன்.

"நல்லது. இப்ப நான் சொல்றதக் கேளு. நாளைக்குப் பிரேயர்ல எல்லாருக்கும் முன்னால நின்னு, 'முன்னாடி தப்பா வந்ததுக்கு எங்க கைதான் காரணம், நின்ன எடம் காரணமில்ல'ன்னு சொல்லிடு. ரெண்டு பேர் பேரும் போகும்."

அண்ணன் ஆசிரியரைப் பார்த்தான். தாளாளரும் ஆசிரியர் பக்கம் திரும்பிக் கேட்டார். "நீங்க சொல்லுங்க சார். எடமா காரணம்?"

ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "சோதனை சரிதாங்க. ஆனா அனுமதி இல்லாம உள்ள வந்தது ஒழுங்கீனம். அந்தப் பொண்ணு ஒண்ணும் செய்யல. அதயாவது எழுத விட்டுடலாங்க."

"நீ என்ன சொல்றே?" என்று தாளாளர் அண்ணனைக் கேட்டார்.

"வெளிய வர்றப்ப காஞ்சு வந்துச்சுங்க. உள்ள ஈரமா எறங்குச்சு. எல்லாரும் பாத்தாங்க. நான் எப்புடிங்க மாத்திச் சொல்றது?"

"பாத்தாங்களா?" தாளாளர் சிரித்தார். வகுப்பிலிருந்து மூன்று பேரை அழைத்து வரச் சொன்னார். யார் அந்த மூவர் என்று எழுதப் போவதில்லை. ஒருவர் இறந்துவிட்டார், மற்ற இருவர் பேரப்பிள்ளைகளோடு இந்த மலரைப் படிப்பார்கள். "உருளை ஈரமா இருந்துச்சா, காஞ்சு இருந்துச்சா?" என்று கேட்டபோது மூவரும் தரையைப் பார்த்து, "கவனிக்கலீங்க" என்றார்கள்.

தேர்வுக்கு என் பெயர் போயிற்று. அண்ணன் பெயர் போகவில்லை.

நானும் எழுத மாட்டேன் என்று வீட்டில் அழுதேன். அண்ணன்தான் அதட்டினான். "லூசு மாதிரி பேசாத. அவனுவளுக்கு வேண்டியதே அதான்." தேர்வு நாளில் ஆசிரியர் வாசலில் நின்று என்னிடம் ஒரு பேனா கொடுத்தார். ஒருத்தியையாவது கரையேற்றிவிட்டோம் என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அந்தப் பேனாவை நான் வாங்கவில்லை. ஒருவனைத் தள்ளிவிட்டு ஒருத்தியைத் தூக்கியதைக் கருணை என்று அவர் கடைசிவரை எண்ணியிருப்பார். அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும் என்பதையும் நான் அறிவேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலமுறை நிறுத்துப் பார்த்திருக்கிறேன். அவரை மன்னிக்கும் அளவுக்கு அது ஒருமுறையும் சாய்ந்ததில்லை.

பின்னாளில் நான் பட்டம் பெற்றேன், அரசுப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தேன், உங்கள் ஊருக்குத் திரும்பி வரவில்லை. அண்ணனின் பிடிவாதத்துக்குப் பலன் இருந்தது என்று பிறகு அங்கே படிக்க வந்தவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். பலன் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பலனைப் பெற ஒருவனுடைய படிப்பு விலையாகத் தேவைப்பட்டது என்று யாராவது சொன்னால், அதை நான் ஏற்பதில்லை. தேவைப்பட்டது ஒரு பெஞ்சை உள்ளே இழுப்பதும், மூன்று பேர் தாங்கள் பார்த்ததைச் சொல்வதும்தான். இரண்டுக்கும் அப்போது செலவு கிடையாது.

அந்த வருடம் அறுப்பு வெளியூர் ஆட்களால் முடிந்தது. அண்ணன் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டிக்கு மூட்டை தூக்கப் போனான். அடுத்த கல்வியாண்டு தொடங்கியபோது அறிவியல் ஆசிரியர், யாரிடமும் கேட்காமல், பானையைத் தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பிவிட்டு வாசல் பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டார். எங்கள் தெருவிலிருந்து அதன்பின் வந்த பிள்ளைகள் எல்லோரும் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் நின்றே சோதனை செய்தார்கள். என் அண்ணன் பள்ளி இறுதித் தேர்வை எழுதவே இல்லை.